சம்பவம் என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 9

மகனுக்கு,

நீ என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சிறை வாசலில் இருந்த காவலர் சொன்னார். "பையன் வரமாட்டேங்கறான் சார், நீங்க கிளம்புங்க" என்றார். கொண்டுவந்திருந்த சட்டை, சோப்பு, பற்பசை எல்லாவற்றையும் அவர் கையிலேயே கொடுத்தேன். அதில் பற்பசையை மட்டும் திறந்து கொஞ்சம் பிதுக்கிப் பார்த்தார். அதெல்லாம் உன் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை.

பேச வழியில்லாததால் எழுதுகிறேன். உன் காதில் யார் யாரோ ஏதேதோ ஓதியிருப்பார்கள். நான் செய்ததை நானே சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று உன் சிநேகிதன் ஸ்பேனரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். அந்தப் பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் ஒட்டுக் கேட்கவில்லை. நீ போட்ட சத்தம் பக்கத்து மாடிக்கே கேட்டிருக்கும். "நாளைக்கு முதலாளியத் தூக்கறோம். வண்டிய நேரா அவர் வீட்டுக்கே விட்டுடு. பெரிய சம்பவமா பண்ணிடலாம். மனுஷன் எந்திரிக்கவே கூடாது, அப்படிச் செய்யணும்." இதுதான் நீ பேசியது. ஒரு எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் நீ கிளம்பிப் போனாய். அன்றைக்கு வெளியே போன உங்கள் ஏசி பட்டறை முதலாளி வீடு திரும்பவில்லை. திங்கட்கிழமை அவர் மனைவி தெருவில் வீடு வீடாக ஏறி விசாரித்துக்கொண்டு வந்தார். நம் வாசலில் நின்று, "உங்க பையன் ஏதாவது சொன்னானாங்க?" என்று என்னைக் கேட்டபோது நீ உள்ளே குளித்துக்கொண்டிருந்தாய். பாட்டுச் சத்தம் வேறு. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

வேலை பார்த்த காலம் முழுவதும் கோர்ட்டில் உட்கார்ந்து வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவன் நான். சம்பவ இடம், சம்பவ நேரம், சம்பவத்தன்று அணிந்திருந்த உடை. அந்த வார்த்தை வந்த பக்கத்தில் எப்போதும் ஒரு பிணமாவது, ஒரு உடைந்த மண்டையாவது இருக்கும். அதற்கு முந்தின வாரம்தான் முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால் உன்னைக் கன்னத்தில் அறைந்தார் என்பதும் எனக்குத் தெரியும். நீ மறைத்தாய், அம்மா சொல்லிவிட்டாள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் வேறு என்ன நினைத்திருக்க முடியும்?

உன் அம்மா சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். "பெத்த புள்ளையக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து சோறு கேக்கறீங்களா?" என்றாள். அன்றிலிருந்து நானே வடித்துத் தின்கிறேன். குழைந்துதான் போகிறது.

முதலாளி இன்னும் கிடைக்கவில்லை. அவர் எங்கே என்று உனக்குத் தெரிந்தால் சொல்லிவிடு. தெரியாது என்றால் அதையாவது எழுது.

அப்பா


மார்ச் 16

அப்பா,

சட்டை வந்தது. சோப்பு வந்தது. பற்பசை வரவில்லை. நடுவில் யாரோ சம்பவம் பண்ணிவிட்டார்கள். பயப்படாதீர்கள், யாரும் சாகவில்லை.

பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிற ஆள் நீங்கள் என்பதால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். படிக்கிற அண்ணனுக்கும் வணக்கம்.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் குளியலறைக் கதவை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதுமே அப்பா. "டேய், சம்பவம்னா என்னடா?" என்று ஒரே ஒரு கேள்வி. தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லியிருப்பேன்.

போன வருஷம் ஒரு நாள் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா இன்னைக்கு சம்பவம் பண்ணிட்டாங்க" என்றேன். வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விஷம் வைத்துவிட்டாள் என்றா நினைத்தீர்கள்? நானும் அம்மாவும் அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம். அப்போதே அர்த்தம் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கிற ஆள் இல்லை, தெரியும் என்று தட்டச்சு செய்கிற ஆள்.

இப்போது கேளுங்கள். சம்பவம் என்றால் யாரும் மறக்க முடியாத மாதிரி ஒன்றைச் செய்வது. நல்லதுக்குத்தான் சொல்வோம். தூக்கறோம் என்றால் வண்டியில் போய் ஆளை ஏற்றிக்கொள்வது. ஸ்பேனர் தினமும் காலையில் என்னைத் தெரு முனையில் தூக்குவான். ஒரு நாளாவது நான் கடத்தப்பட்டதாகப் புகார் கொடுத்தீர்களா?

பட்டறை தொடங்கிய வருஷ நாள் வருகிறது என்று முதலாளிக்குத் தெரியாமல் ஒரு விருந்து வைத்திருந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்ட வீட்டை வாடகைக்கு எடுத்து, கேக் வாங்கி, பலூன் ஊதி வைத்திருந்தோம். அறைந்த கோபத்தை எல்லாம் அன்றோடு விட்டுவிடலாம் என்பது என் யோசனைதான். வழியில் பாலத்து முனையில் அவராகவே இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

தெரியாது என்றால் அதையாவது எழுது என்றீர்கள். எழுதிவிட்டேன். படிக்கிற அண்ணனும் சாட்சி.

உங்கள் மகன்


மார்ச் 24

மகனுக்கு,

உன் கடிதத்தில் பிழைகள் இருக்கின்றன. வட்டம் போடவில்லை.

படித்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தேன். ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு இருவரும் இரண்டு மொழி பேசியிருக்கிறோம் என்பதை நம்புவதா, என் மகன் என்னை நன்றாக ஏமாற்றுகிறான் என்று நம்புவதா என்று புரியவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். கல்லூரிக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். கையில் செய்தித்தாள், காது மட்டும் அவர்கள் பக்கம். போலீஸ்காரர்கள்கூட இவ்வளவு மோசமாக வேவு பார்க்க மாட்டார்கள்.

ஒரு பெண் போனைப் பார்த்து, "ஐயோ செத்தேன்டி!" என்று கத்தினாள். நான் எழுந்தே விட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் இன்னொருவனிடம், "வாத்தியார் என்னைய வச்சு செஞ்சுட்டார்டா" என்றான். அடித்தாரா, திட்டினாரா, என்ன செய்தார் என்று கடைசிவரை விளங்கவில்லை. அப்புறம் அந்த வார்த்தையும் வந்தது. "கடைசி ஓவர்ல அவன் பண்ணினது சம்பவம்டா." கிரிக்கெட்டைச் சொல்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். "அங்கிள், சம்பவம்னா சூப்பரா ஒண்ணு பண்றது." நான் விடவில்லை. "ஆளைத் தீர்த்துக் கட்டறதுக்குச் சொல்ல மாட்டீங்களாம்மா?" என்றேன். "அதுக்கும் சொல்லுவாங்க அங்கிள். ரவுடிங்க அப்படித்தான் சொல்லுவாங்க. யார் சொல்றாங்கங்கறதப் பொறுத்து" என்றாள். அதற்குப் பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தோழிகளோடு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

ஆக இரண்டு அர்த்தமும் இருக்கிறது. யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து. என் மகன் யார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்ன பாலத்துக்குக் கீழே நாணல் புதரில் முதலாளியின் போன் கிடைத்திருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை. அவர் ஏன் அங்கே இறங்கினார்? "மனுஷன் எந்திரிக்கவே கூடாது" என்றாயே, அதற்கு என்ன அர்த்தம்? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. உன்னை நம்பவேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், அதை மட்டும் புரிந்துகொள்.

அப்பா


ஏப்ரல் 1

அப்பா,

நீங்கள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததை ஸ்பேனரிடம் சொன்னேன். அவனையும் என் அறையில்தான் போட்டிருக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்தான். இங்கே வந்து அவன் சிரித்தது அன்றைக்குத்தான். உங்கள் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்திரிக்கவே கூடாது என்றால் ஆள் அசந்து போய்விட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர் சந்தோஷத்தில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கே அசட்டுத்தனமாக இருக்கிறது. பேசும்போது சரியாகத்தான் இருந்தது.

பாலத்து விஷயம். நான் ஓட்டினேன், முதலாளி பக்கத்தில், ஸ்பேனர் பின்னால். அவருக்கு ஒரு போன் வந்தது. யாரென்று தெரியாது. பேசப் பேச முகம் மாறியது. நிறுத்தச் சொன்னார். "நீங்க போங்கடா, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பாலத்துக் கைப்பிடி ஓரமாக நடந்து போனார். நாங்கள் தோட்ட வீட்டில் காத்திருந்தோம். இருட்டும் வரை பார்த்தோம், வரவில்லை. கேக்கை நாங்களே தின்றோம். திங்கட்கிழமை அவர் பட்டறைக்கு வந்ததும் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மனுஷராகத்தான் இருந்தார். கோபம் வந்தால் கை நீட்டிவிடுவார், அவ்வளவுதான். கம்ப்ரசரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

வக்கீல் வந்திருந்தார். போலீஸ் கையில் உங்கள் வாக்குமூலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்கிறார். நீங்கள் வந்து அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்று சொன்னால் ஜாமீன் கிடைத்துவிடுமாம். உங்கள் வாயால் உள்ளே வந்தேன். உங்கள் வாயால்தான் வெளியே வர முடியும். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

உங்கள் மகன்


ஏப்ரல் 8

மகனுக்கு,

வக்கீலைப் பார்த்தேன். கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினேன். அவள் ஒரு தூக்கில் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரைக் கேட்பது?

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நல்ல மனுஷராகத்தான் இருந்தார்" என்று எழுதியிருக்கிறாய். இருந்தார். நான் வேலை பார்த்த இடத்தில் காணாமல் போனவரை "இருக்கிறார்" என்றுதான் தட்டச்சு செய்வோம். உடல் கிடைத்த பிறகுதான் காலம் மாறும். ஒருமுறை அவசரத்தில் மாற்றி அடித்துவிட்டு, நீதிபதியிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதிலேயே இருக்கிறது.

படித்தவுடன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். தற்செயலாக வந்த வார்த்தையாக இருக்கும். உன் வயதில் யாரும் காலம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனாலும் ஒரு வரி எழுதிவிடு. கூண்டில் ஏறும்போது அந்த வார்த்தை என் கண் முன்னால் நிற்கக் கூடாது.

அப்பா


ஏப்ரல் 12

அப்பா,

அதற்கு இறந்தகாலம் என்று பெயர் வைத்தது நானா?

அவர் என் முதலாளியாக இருந்தார். எனக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டும் இப்போது இல்லை. வேறு எப்படி எழுதுவது? உங்களோடு பேசுவதற்குப் பக்கத்தில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பெரிய கேஸில் வந்தவர்கள் எங்கள் வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வயது, உங்கள் பேச்சு. புதிதாக யார் வந்தாலும் "என்ன சம்பவம்? எங்க சம்பவம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்கும் உங்கள் அர்த்தம்தான். என்னையும் கேட்டார்கள். "ஒரு சம்பவமும் இல்ல, எங்கப்பாதான்" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் என் தோளில் கை போட்டு, "அப்பனே குடுத்துட்டானா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் நன்றாகப் பேசுகிறார். தினமும் பேசுகிறோம். உங்கள் அர்த்தமும் இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அடுத்த தடவை நம் இருவருக்கும் குழப்பம் வராது.

கோர்ட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மகன்


ஏப்ரல் 18

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை வக்கீலின் உதவியாளர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சிறை அலுவலகத்தில் யாரும் இதைப் பிரித்துப் படிக்கக் கூடாது. ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும்.

கோர்ட்டில் நீ என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் உன்னைப் பார்த்தேன். இளைத்துவிட்டாய், தாடி விட்டிருக்கிறாய். கூண்டில் ஏறி நின்றேன். அத்தனை காலம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தும் அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் மின்விசிறி எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்ததை நீயும் கேட்டிருப்பாய். அரசு வக்கீல் என்னை விடவில்லை. "அன்னைக்கு ஒரு அர்த்தம், இன்னைக்கு ஒரு அர்த்தமா? உங்க பையனுக்காகத் தமிழையே மாத்தறீங்களா?" என்றார். நீதிபதி, "சம்பவம்னா என்னதான் அர்த்தம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார். "எனக்கு ஒண்ணு, என் பையனுக்கு ஒண்ணுங்கய்யா" என்றேன். அப்போது, வேலை பார்த்த காலத்தில் நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்த சின்னப் பெண், தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீதிபதி அவளையே கேட்டுவிட்டார். அவள் எழுந்து, "என் தங்கச்சி பரிட்சையில பாஸானப்ப வீட்டுல அதாங்கய்யா சொன்னோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. உனக்குச் சம்பவம் என்றால் கொண்டாட்டம் என்று நான் சத்தியம் செய்து சொன்னது இனி அந்தக் கோப்பில் இருக்கும்.

நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் முதலாளியின் மனைவி வந்தார்.

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். தம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். "பட்டறை வருஷ நாளுக்கு விருந்துன்னு உங்க பையன் சொன்னானாமே. இன்னைக்குக் கோர்ட்டுலதாங்க எனக்கே தெரியும். பட்டறை தொறந்தது மழைக்காலத்துல. தரையெல்லாம் தண்ணி. நான்தான் வாளியில மொண்டு மொண்டு வெளிய ஊத்தினேன். வருஷ நாள் போன மழைக்கே முடிஞ்சுபோச்சு."

"ஸ்டேஷன்ல இதைச் சொன்னீங்களாம்மா?" என்றேன்.

"யாரும் என்னைக் கேக்கலைங்க. மொதல்ல உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன். நீங்களும் புள்ளையப் பெத்தவரு. எதைக் கொண்டாட எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போனாங்கன்னு மட்டும் உங்க பையன்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அவர் போன பிறகு விளக்குப் போடவே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். நீ ஏதோ ஒரு நாளைத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம். ஸ்பேனர் உளறியிருக்கலாம். முதலாளியே வேறு ஏதாவது நாளைச் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் நானே யோசித்துப் பார்த்துவிட்டேன், இனி நீதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

எதைக் கொண்டாடப் போனீர்கள்?

அப்பா


ஏப்ரல் 20

அப்பா,

வெள்ளிக்கிழமை மதியம் எங்களை வெளியே விடுகிறார்கள். ஸ்பேனருக்கும் சேர்த்துத்தான். அவன் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அதே வண்டிதான், போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நீங்கள் கேட்டதை எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். எழுதினால் நீங்கள் காலம் பார்ப்பீர்கள், ஒற்று பார்ப்பீர்கள்.

நாங்கள் நேராக வீட்டுக்கு வந்து உங்களைத் தூக்குகிறோம். உங்களுக்கு ஒரு சம்பவம் வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் உள்ளே உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். அவள் சித்தி வீட்டிலேயே இருக்கட்டும். முதலாளி வீட்டு அம்மாவிடமும் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவரிடம் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை வக்கீல் ஆளைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லைதானே?

உங்கள் மகன்


ஏப்ரல் 22

கண்ணா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். பேருந்து நிறுத்தத்துக்குப் போய் யாரிடமாவது காட்டலாமா என்றுகூட யோசித்தேன். போய் என்ன கேட்பது? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தவனே நான்தான்.

நல்ல விதமாகவும் படித்துப் பார்த்தேன். என் மகன் வெளியே வருகிறான். அப்பாவின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கேயோ அழைத்துப் போய் சந்தோஷப்படுத்தப் போகிறான். ஒருவேளை அம்மாவும் அங்கே முன்னாடியே வந்து காத்திருப்பாள், அதனால்தான் அவளிடம் சொல்ல வேண்டாம் என்கிறான். இப்படிப் படித்தால் எல்லா வரியும் பொருந்துகிறது. இன்னொரு விதமாகப் படித்தாலும் எல்லா வரியும் பொருந்துகிறது. ஒரு எழுத்துகூட இடிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. பெற்ற மகன் வீட்டுக்கு வருவதற்குப் பயமாக இருக்கிறது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டினேன். தெரு முனை வரை போனேன். உன்னைப் பற்றி வெளியே போய் இரண்டு தடவை பேசிவிட்டேன். ஒரு தடவை உள்ளே தள்ளினேன், இன்னொரு தடவை வெளியே எடுத்தேன். மூன்றாம் தடவை அந்தப் படி ஏறி உன்னைக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. நீ ஒன்றுமே செய்யாதவனாக இருந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? திரும்பி வந்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ கேட்டாய் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் இங்கே வந்துவிடுவாள் என்பதற்காகச் சொல்லவில்லை.

முதலாளியின் மனைவி நேற்றும் வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கண்ணைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. கணவரின் செருப்பை வாசலிலேயே வைத்திருக்கிறாராம், வந்தால் தேடக் கூடாது என்று.

நான் வீட்டில்தான் இருப்பேன், எங்கேயும் ஓடிவிட மாட்டேன். ஆனால் வாசல் கதவு பூட்டியிருக்கும். வந்து தட்டு. ஸ்பேனர் வண்டியிலேயே இருக்கட்டும், நீ மட்டும் வா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அந்த முதலாளி எங்கே, என்ன ஆனார் என்று எனக்குப் புரிகிற மாதிரி, உன் பேச்சு எதுவும் கலக்காமல், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல். எதுவாக இருந்தாலும் சொல். அதைக் கேட்டுவிட்டுத் திறக்கிறேன். எதுவாக இருந்தாலும் திறப்பேன், உன் அப்பன் நான். சொல்லிவிட்டு உள்ளே வா, அவ்வளவுதான் நான் கேட்பது.

இதையும் வக்கீலின் உதவியாளரிடம்தான் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடுத்துவிடு.

அப்பா


ஏப்ரல் 23

அப்பா,

கடுதாசி கெடச்சுது. படிச்சேன். ஸ்பேனருக்கும் படிச்சுக் காட்டினேன்.

நீங்க எந்திரிச்சு வந்து கதவத் தெறக்க வேண்டாம். நானும் தட்டிட்டு நிக்க மாட்டேன். அன்னைக்குப் போலீஸ் கூட்டிட்டு வந்தப்ப வீட்டுச் சாவி என் பாக்கெட்லதான் இருந்துச்சு. இங்க ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க, நாளைக்கு வெளிய போறப்ப கையெழுத்து வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க.

நீங்க சும்மா உக்காந்திருங்கப்பா. நாங்களே தெறந்துட்டு வந்துடறோம்.